அம்பாசடருக்குள் சப்-வூஃபர்

பழைய காரில் புது சவுண்ட் சிஸ்டம் வைக்கலாமா என்று பேச்செடுத்தால் திருச்சியில் இரண்டு கட்சிகள் கிளம்பும். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு ஸ்குரூகூட மாறக்கூடாது என்பது ஒன்று. காசு போட்டு வாங்கியவன் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டால் அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பது மற்றொன்று. தில்லை நகர் குறுக்குத் தெருக்களில், போர்ட்டிகோவில் உறை போர்த்தி நிற்கும் அம்பாசடர்களையும் பத்மினிகளையும் மனதில் வைத்து இரண்டையும் எடைபோட்டால் ஒன்று புரிகிறது. முதல் கட்சியின் அச்சம் சரி, அதற்குச் சொல்லும் காரணம் சரியில்லை. இரண்டாம் கட்சியின் ஆசை சரி, அதை நிறைவேற்றும் விதம் சரியில்லை.

முதலில் 'ஒரிஜினல்' என்ற வாதம். அம்பாசடர் என்பது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் தயாரானது. பத்மினிக்கு மூலம் இத்தாலியின் ஃபியட் 1100. சென்னைப் பக்கத்திலேயே பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-ல் வந்தது. இந்தக் கார்களில் பெரும்பாலானவை ரேடியோ இல்லாமல்தான் வீட்டுக்கு வந்தன. பாட்டு, வாங்கியவர் பிறகு சேர்த்துக்கொண்டது. வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் எடுத்து ஆண்டுக் கட்டணம் கட்டிய காலத்திலேயே வசதியுள்ளவர்கள் காரில் ரேடியோ வைத்தார்கள். பிறகு சிங்கப்பூரிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த கேசட் டெக் ஏறியது, அடுத்து சிடி, அதன்பின் பென் டிரைவ். டேஷ்போர்டில் குட்டி மின்விசிறி, சீட்டில் துண்டு உறை, பின்கண்ணாடிக்குத் திரை என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவையை அந்தக் காரில் எழுதிவைத்தது. இப்படி வாழ்ந்த வண்டியைப் பார்த்து 'ஆலையில் இருந்தபடியே இரு' என்பது, அது ஒருநாளும் வாழாத வாழ்க்கையை அதன்மேல் சுமத்துவது.

திருச்சிக்கு இதில் தனிக் கணக்கும் உண்டு. இங்கே வானொலி நிலையம் தொடங்கியது 1939 மே 16-ல். சென்னை நிலையத்துக்கு ஓராண்டுதான் பிந்தியது. கார் ரேடியோ என்ற பொருளை அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1930-ல். ஆக, காரும் பாட்டும் சேர்ந்து போவது இந்த ஊருக்கு நேற்று வந்த நாகரிகமில்லை.

சட்டமும் தூய்மைவாதிகள் பக்கம் முழுதாக நிற்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களும் இருசக்கர வாகனங்களும் 'விஏ' என்ற எழுத்துள்ள தனிப் பதிவெண் பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. ஸ்பீக்கரைப் பற்றி அங்கே பேச்சில்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா உருவாக்கிய தூரின் சாசனமும் மாற்றத்தை அடியோடு மறுக்கவில்லை. தவிர்க்க முடியாத மாற்றம் குறைவாகவும், தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாகவும் இருக்கட்டும் என்கிறது. ஆனால் இவற்றைச் சாக்காக வைத்து, 'சட்டம் தடுக்கவில்லை, அதனால் டிக்கி நிறைய பெட்டி அடைக்கலாம்' என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. சேதம் நடக்கும் இடம் வேறு.

அது மின்சாரத்தில் தொடங்குகிறது. ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய கார்களில் மின்சாரம் தந்தது டைனமோ. அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ, இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது தருவது சுமார் 20 முதல் 22 ஆம்பியர். இரவில் ஹெட்லைட் இரண்டும் எரிந்தால் ஏழெட்டு ஆம்பியர் போகும். இக்னிஷன் காயில், டெயில் லைட், மீட்டர் விளக்குகள், மழை வந்தால் வைப்பர் எல்லாம் சேர்ந்தால் பதினைந்தை நெருங்கும். மிச்சம் ஆறேழு ஆம்பியர். பன்னிரண்டு வோல்ட்டால் பெருக்கினால் எண்பது வாட்ஸ் பக்கம். இதுவும் வண்டி ஓடும்போதுதான். ஸ்ரீரங்கம் போகிற வழியில் காவிரிப் பாலத்து நெரிசலில் இன்ஜின் ஐடிலில் நின்றால் டைனமோவின் உற்பத்தி ஏறக்குறைய இல்லை. சார்ஜ் விளக்கு சிவப்பாக எரியும். அந்த நேரத்தில் பாட்டு முழுக்க பேட்டரியைத் தின்றுதான் ஓடுகிறது.

இந்த வண்டிக்குக் கடைக்காரர் காட்டுவது, அட்டைப்பெட்டியில் 1000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த ஆம்ப்ளிஃபையர். வாட்ஸ் எண்ணை நம்பத் தேவையில்லை. பக்கத்தில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பார்த்தால் போதும். முப்பது ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால், உச்சத்தில் அறுபது ஆம்பியர் வரை இழுக்கத் தயாராக இருக்கிற பெட்டி அது. எந்நேரமும் அவ்வளவு இழுக்காது என்பது உண்மை. பாட்டில் உச்சங்கள் நொடிப்பொழுதுதான். ஆனாலும் சராசரியே டைனமோவின் மிச்சத்தைத் தாண்டிவிட்டால் வாராவாரம் பேட்டரி இறங்கும், விளக்கு மங்கும், கடைசியில் பழி பேட்டரி கம்பெனிமேல் விழும். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது இதற்கும் பொருந்துகிறது.

இன்னொரு கண்ணி, எர்த். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைய ஸ்டீரியோக்களின் உலோகக் கூடு நெகட்டிவ். அதை அப்படியே இரும்பு டேஷ்போர்டில் திருகினால் புகைதான். விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் பேட்டரி இணைப்பை மாற்றி, டைனமோவின் துருவத்தையும் திருப்பி, காயில் வயர்களை இடம் மாற்றிய பிறகே ஸ்டீரியோவைத் தொடுவார். தெரியாதவர் பாதி மட்டும் செய்துவிட்டுப் போவார். அந்த வகைக் கார்களின் ஃபியூஸ் பெட்டியில் பெரும்பாலும் இரண்டே ஃபியூஸ். அறுபது வருட வயரின் உறை தொட்டால் உதிரும். கையில் கிடைத்த வயரை உரித்து, முறுக்கி, மேலே டேப் சுற்றிக் கரண்ட் எடுத்தால் அது பாட்டுக்கான வேலை இல்லை, நெருப்புக்கான ஏற்பாடு.

மின்சாரத்தில் செய்த தப்பைப் பிறகு திருத்தலாம். தகட்டில் செய்ததைத் திருத்துவது கடினம். அம்பாசடரின் முன்கதவைத் திறந்து, ரெக்சின் பேடைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம், கண்ணாடி அதற்குள்தான் இறங்குகிறது. கண்ணாடி விளிம்பில் வழியும் மழைநீரும் அதே வெற்றிடத்தில் இறங்கி, கதவின் அடிவரியில் உள்ள சிறு துவாரங்கள் வழியே வெளியேற வேண்டும். இங்கே ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் வைக்கத் தகட்டில் வட்டம் வெட்டுகிறார்கள். வெட்டிய விளிம்புக்கு பிரைமர் அடிப்பவர் அரிது. ஸ்பீக்கரின் காந்தம் ஆழமாக இருந்தால் கண்ணாடியை முழுக்க இறக்கும்போது 'டக்' என்று இடிக்கும். அதிர்வைக் குறைக்க உள்ளே டேம்பிங் ஷீட் ஒட்டுகிறவர்கள் அவசரத்தில் அடித் துவாரங்களையும் மூடிவிடுகிறார்கள். இரண்டு ஐப்பசி போனால் கதவின் அடி உப்பிக்கொண்டு வரும். அப்புறம் டிங்கர் பட்டறைதான் கதி.

டேஷ்போர்டின் கதையும் இதுதான். பழைய ரேடியோவுக்கு இரண்டு குமிழும் நடுவில் ஒரு சிறு கண்ணாடிப் பட்டையும் போதும். இன்றைய ஸ்டீரியோவுக்கு, எண்பதுகளில் நிலைபெற்ற டின் (DIN) என்ற தர அளவுப்படி 180-க்கு 50 மில்லிமீட்டர் திறப்பு வேண்டும். தொடுதிரை என்றால் உயரம் இரட்டிப்பு. இரும்பை அறுத்த பிறகு திரும்ப வழியில்லை. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பதும் அந்த ஓட்டையைத்தான்.

இத்தனை செய்து கிடைக்கும் ஒலியாவது உயர்ந்ததா? ஏசி இல்லாத பழைய கார் திருச்சி வெயிலில் கண்ணாடி இறக்கித்தான் ஓடும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று, டயர், இன்ஜின் மூன்றும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில் பெரும்பங்கு கீழ்ஸ்தாயி. அதே ஸ்தாயியில் ஒலிக்கும் சப்-வூஃபரை அது விழுங்கிவிடுகிறது. ஓடும்போது காணாமல் போய், நிறுத்திய இடத்தில் தெருவையே அதிரவைக்கும் கருவிக்குத்தான் அதிகச் செலவு. தெரு என்றால் சாதாரணத் தெருவா? மருத்துவமனைகள் நெருங்கி நிற்கும் தில்லை நகர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று வரம்பு கட்டுகின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதிப் பகுதி என்றால் 50, இரவில் 40. ஜன்னல் திறந்த அம்பாசடரில் பாட்டின் அளவு கேட்பவரின் சொந்த விஷயமாக மட்டும் இருப்பதில்லை.

நம் ஆட்கள் காரில் கேட்பது பெரும்பாலும் குரலும் நாதஸ்வரமும் வயலினும் நிறைந்த பாட்டு. அவற்றின் உயிர் நடு ஸ்தாயியில் இருக்கிறது. காதுக்கு எதிரே நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி அதை எடுத்துக் கொடுத்துவிடும். இந்த இடத்தில் புதுத் தொழில்நுட்பம் பழைய காருக்கு உண்மையிலேயே நண்பன். கிளாஸ்-டி வகை ஆம்ப்ளிஃபையர் உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்காமல் ஸ்பீக்கருக்கே அனுப்பிவிடுகிறது. உள்ளங்கை அளவில் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பழைய ரேடியோவின் கூட்டை அப்படியே வைத்து, உள்ளே புளூடூத் பலகையைப் பொருத்தித் தருகிற வழியும் இருக்கிறது. தன் பழைய கார்களின் தூய்மையில் கறாரான போர்ஷே நிறுவனமே 2020-ல், பழைய 911-களின் ரேடியோ திறப்புக்குள் அடங்கும்படி செல்போனோடு இணையும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டேஷ்போர்டை வெட்டாமல் காலத்தோடு சேர முடியும் என்பதற்கு அது போதுமான சாட்சி.

ஆதரவுக் கட்சியின் வலுவான வாதம் ஒலித்தரத்தைவிட ஓட்டத்தில் இருக்கிறது. கார் நின்றால் கெடும். பெட்ரோல் டாங்கில் துரு, கார்புரேட்டரில் பிசின், பிரேக்கில் இறுகிய ரப்பர் எல்லாம் ஓடாத வண்டியின் நோய்கள். பாட்டு இல்லை என்பதற்காகவே பிள்ளைகள் ஏற மறுக்கும் அம்பாசடரில் ஒரு சிறு செட் வைத்து, ஞாயிறுதோறும் முக்கொம்புக்கோ கல்லணைக்கோ போய்வந்தால் அந்த செட் காரைக் காப்பாற்றுகிறது. உறைக்குள் பத்தாண்டு தூங்கும் 'ஒரிஜினல்' காரைவிட அது நல்ல நிலையில் இருக்கும். போன் வந்தால் கையில் எடுக்காமல் பேசலாம் என்பதும் லாபமே. ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாத, டிரம் பிரேக் வண்டியில் தொடுதிரையைத் தடவிக்கொண்டே ஓட்டுவது அந்த லாபத்தைக் கரைத்துவிடும். இதற்குக் குமிழ்தான் பொருத்தம்.

என் தீர்ப்பு இதுதான்: பாட்டு வேண்டும், வெட்டு வேண்டாம். பேட்டரி அருகிலேயே ஃபியூஸ் போட்ட தனி வயர், சீட்டுக்கு அடியில் ஆம்ப், ஏற்கெனவே இருக்கும் திறப்புகளிலோ பின்சீட்டுப் பலகைமேல் தனிப் பெட்டியிலோ ஸ்பீக்கர், டைனமோவின் மிச்சத்துக்குள் அடங்கும் சக்தி. இவ்வளவில் நின்றால் பழைய கார் எதையும் இழப்பதில்லை. இதைத் தாண்டினால் ஆசைக்காகக் காரைக் கொடுத்துப் பாட்டை வாங்குகிறோம் என்று பொருள். ஒரிஜினலா, இல்லையா என்று வாய்ச்சண்டை போடுவதைவிட, வேலை கொடுக்கும் கடையைத் தேர்ந்தெடுப்பதில் அந்தக் கறாரைக் காட்டலாம். வண்டி உள்ளே வந்ததும் வாட்ஸ் எத்தனை வேண்டும் என்று கேட்கிற கடையைவிட, முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்லி டைனமோவையும் பேட்டரி எர்த்தையும் பார்க்கிற கடைக்குச் சாவியைக் கொடுப்பது நல்லது.