மரை கழன்ற கதையும் ஒரு பித்தளை வால்வும்

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் என் காருக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். விரலிடுக்கில் ஆயில் வடிக்கும் போல்ட். அதன் மரையில், பென்சில் சீவிய சுருள்போல அலுமினியம் ஒட்டியிருந்தது. "போல்ட்டு நல்லாத்தான் இருக்குதுங்க சார். சம்ப்புலதான் மரை கழண்டுபோச்சு" என்றார். ஆளைப் பார்த்து அப்படிச் சொன்னால் கோவையில் சண்டை வரும். காரைப் பார்த்துச் சொன்னதால் எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

வண்டி 2016 ஹோண்டா சிட்டி, பெட்ரோல். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப் அலுமினிய வார்ப்பு. அதில் ஏறுகிற போல்ட் எஃகு. 14 மில்லிமீட்டர் தடிமன், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி, தலைக்கு 17 எண் ஸ்பேனர். முறுக்கு 39 நியூட்டன் மீட்டர் இருந்தால் போதும் என்பது கம்பெனிக் கணக்கு. ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் 13 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான். ஆனால் சர்வீஸ் செய்யும் இடத்தில் யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஏர் கன்னை வைத்து 'டர்ர்' என்று ஒரு இழுப்பு. பையன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

இதில் போல்ட்டைவிடப் பெரிய குற்றவாளி வாஷர். ஹோண்டாவில் போல்ட்டுக்கு அடியில் உட்காரும் அலுமினிய வாஷர், இறுக்கும்போது நசுங்கி ஆயிலை அடைப்பதற்கென்றே செய்தது. ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதியது போட வேண்டும். சில்லறைக் காசுச் சாமான். அதைத்தான் போட மறக்கிறார்கள். பழைய வாஷர் லேசாகக் கசியும். கசிவை நிறுத்த அடுத்த முறை கூடுதலாக ஒரு இழுப்பு. அதற்கடுத்த முறை இன்னும் ஒன்று. எஃகும் அலுமினியமும் மல்லுக்கு நின்றால் யார் தோற்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? என் வண்டியில் அது ஏழாவது வருடம் தெரிந்தது, பார்க்கிங் தரையில் ஐந்து ரூபாய் அளவு கறுப்புப் பொட்டாக.

அண்ணன் சம்ப்பைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, உள்ளே எஃகுச் சுருள் இறக்கினார். பட்டறை மொழியில் ஹெலிகாயில். காரில் வைத்தபடியே செய்ய ஆட்கள் உண்டு. செய்தால் அலுமினியத் தூள் உள்ளே போகும். அவர் செய்யவில்லை. அதற்காகவே அவரிடம் போகிறேன்.

"இனிமே இதைக் கழட்டவே கூடாதுன்னு ஒரு வழி இருந்தா நல்லாயிருக்கும்" என்று அப்போது யதார்த்தமாகச் சொன்னேன். வழி ஏற்கெனவே இருந்தது. போல்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குழாய்போல ஒரு வால்வைப் பூட்டிவிடுவது. பிறகு ஆயில் மாற்ற ஸ்பேனரே வேண்டாம். லீவரைத் திருப்பினால் வடியும், மறுபடி திருப்பினால் நிற்கும்.

இந்தச் சாமானில் பழைய பெயர் ஜப்பானின் ஃபுமோட்டோ. 1976 முதல் இருக்கும் நிறுவனம். என் போல்ட் அளவுக்கு எஃப்-106 என்ற எண். டொயோட்டாவில் பரவலாக வரும் 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வேறு எண். போல்ட்டின் அளவும் மரை இடைவெளியும் இரண்டும் பொருந்தாமல் வாங்கினால் மறுபடி கணபதிக்குத்தான் போக வேண்டும். நான் அவசரப்பட்டு முதலில் வாங்கியது ஒரு மலிவு நகல். லீவர் கைக்குள்ளேயே லொடலொடத்தது. மூன்றாவது வாரம் ஒரு துளி ஆயில் வாயில் தொங்கியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு அசலுக்கே போனேன். கைக்கு வந்து சேரும்போது விலை மூவாயிரத்தைத் தொட்டது. ஒரு போல்ட்டுக்கு மூவாயிரமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பொருளைக் கையில் எடுத்தால் எடை தெரிகிறது. பித்தளை உடம்பு, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உள்ளே துளையிட்ட ஒரு குண்டு. லீவர் திரும்பும்போது குண்டின் துளை குழாயின் துளையோடு நேராகும், வழி திறக்கும். சும்மா தட்டிவிட்டால் திறக்காது. லீவர் ஒரு சிறு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்பிரிங் அதை அங்கேயே பிடித்துவைக்கிறது. ஸ்பிரிங்கை எதிர்த்து லீவரைப் பள்ளத்திலிருந்து கிளப்பி, அதன் பிறகுதான் சுழற்ற முடியும். அதற்கு மேலும் பயம் இருப்பவர்களுக்கு லீவர்மேல் மாட்ட ஒரு கிளிப் உண்டு. நான் மாட்டியிருக்கிறேன். பயந்த சுபாவம்.

வால்வைப் பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஓடும்போது ஆயில் பிரஷரில் பிய்த்துக்கொண்டு வராதா? வராது. ஆயில் பிரஷர் என்று நாம் சொல்வது பம்ப்புக்கு அப்புறம், எஞ்சினுக்குள் ஓடும் வழிகளில் இருப்பது. சம்ப்பில் ஆயில் சும்மா தேங்கித்தான் நிற்கிறது. வால்வு தாங்குவது மூன்றரை லிட்டர் ஆயிலின் சொந்தக் கனத்தை மட்டும். அதைத் தண்ணீர்க் குழாயே தாங்கும்.

உண்மையான பயம் அடியிலிருந்து வருவது. போல்ட் தலையைவிட வால்வு ஓர் அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். சிட்டியின் தரை இடைவெளி 165 மில்லிமீட்டர். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988 விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அப்படிக் கட்டியிருந்தால் இந்தக் கார் மெதுவாக, அடி உரசாமல் ஏறி இறங்கும். எங்கள் தெருவில் இருப்பதை யாரும் விதிப்புத்தகம் பார்த்துக் கட்டவில்லை. ஒரு ராத்திரியில் முளைத்தது. நான்கு பேர் உட்கார்ந்து போனால் அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும், வயிற்றைக் கலக்கும். என் நல்ல காலம், இந்த வண்டியில் போல்ட் துளை கீழ்நோக்கி இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. வால்வு கிடைமட்டமாக உட்கார்வதால் சம்ப்பின் அடிமட்டத்துக்குக் கீழே எதுவும் தொங்கவில்லை. உங்கள் வண்டியில் போல்ட் நேராகத் தரையைப் பார்த்திருந்தால், சம்ப்புக்குக் கீழே காப்புத் தகடும் இல்லையென்றால், இந்த வால்வை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வாங்குவதற்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள், போதும்.

பூட்டுவது பெரிய வித்தையல்ல. கூடவே வரும் ஃபைபர் வாஷரைப் போட்டு, கையாலேயே கடைசிவரை ஏற்றி, பிறகு ஸ்பேனரில் கொஞ்சம். பித்தளை என்பதால் எஃகு போல்ட்டுக்குக் கொடுக்கும் இழுப்பைக் கொடுக்கக் கூடாது. இறுக்கி முடிக்கையில் லீவர் எந்தப் பக்கம் வந்து நிற்கிறது, அது சுழல இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால், இதை மாட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு ஆண்டுகளில் இதை வைத்து மூன்று முறை ஆயில் மாற்றிவிட்டேன். முதல் முறை நடந்ததைச் சொல்கிறேன். முன் சக்கரங்களை ரேம்ப்பில் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகிறவர்களை நான் மதிப்பதில்லை), எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். வால்வின் மூக்கில் பிளாஸ்டிக் ஹோஸ், ஹோஸின் மறுமுனை காலியான ஐந்து லிட்டர் ஆயில் கேனுக்குள். நான் வாங்கியது மூக்கு வைத்த மாடல். மூக்கில்லாததும் உண்டு, அது கொஞ்சம் குட்டை. லீவரைக் கிளப்பித் திருப்பியதும் ஹோஸுக்குள் கறுப்பு ஓடியது. கேனின் அடியில் முதலில் சலசலப்பு, பிறகு சத்தமே இல்லை. கையில் ஒரு சொட்டு இல்லை, முழங்கையில் வழியவில்லை, கழன்ற போல்ட் சூடான ஆயிலுக்குள் விழவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

நம்பாதது சரிதான். இரண்டு நிமிடத்தில் ஓட்டம் நின்றுவிட்டது. அடைப்பு என்று நினைத்து லீவரை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். கடைசியில் பார்த்தால், சிந்தக் கூடாது என்று கேன் வாயில் ஹோஸைச் சுற்றி நானே துணியைத் திணித்து வைத்திருந்தேன். உள்ளே இருந்த காற்று போக வழியில்லை. ஆயில் எப்படி வரும்? துணியை உருவியதும் கேன் ஏப்பம் விட்டது, மறுபடி ஓடத் தொடங்கியது. மேலே ஆயில் ஊற்றும் மூடியையும் திறந்து வைத்தால் இன்னும் சீராக வரும்.

நேரம்? மிச்சமாகாது. போல்ட்டைக் கழற்றினால் ஆயில் குபுக்கென்று கொட்டும். வால்வின் உள்துளை அதைவிடச் சிறியது. துளை பாதியானால் பாயும் பரப்பு கால்வாசியாகிவிடும். சூடான ஆயிலிலேயே முழுதாக வடிய எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. ஆறிய எஞ்சினில் முயன்றால் டீ குடித்துவிட்டு வரலாம்.

இன்னொன்று. துளை சிறியது என்பதால் அதன் கீழ் உதடு பழைய துளையின் உதட்டைவிடச் சில மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. அந்த உயரத்துக்குப் பழைய ஆயில் உள்ளேயே தங்கும். ஒருமுறை ஆர்வத்தில் வடித்து முடித்தபின் வால்வையும் கழற்றி, மிச்சத்தை மருந்து அளக்கும் குப்பியில் பிடித்தேன்: சுமார் 60 மில்லி. ஃபில்டரோடு சேர்த்து இந்த எஞ்சின் குடிப்பது 3.6 லிட்டர். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இதற்காகத் தூக்கம் இழக்கத் தேவையில்லை. ஆனால் கசடு பிடித்த பழைய எஞ்சின் என்றால் யோசிக்க வேண்டும்; கட்டியாக வருவது சிறு துளையில் சிக்கும். காந்தம் வைத்த போல்ட் போட்டு, அதில் ஒட்டும் இரும்புத் துகளைப் பார்த்து எஞ்சினுக்கு ஜாதகம் கணிப்பவர்களுக்கும் இது சரிப்படாது.

விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது, ஃபில்டர். ஆயில் மாற்றுவதில் கை அழுக்காவதில் பாதி ஃபில்டரைக் கழற்றும்போதுதான். வால்வு அங்கே எந்த உதவியும் செய்யாது. என் வண்டி போன்றதில் அடியில் போகாமலே ஆயில் மாற்றலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஃபில்டர் மாற்றுவதில்லை என்று அர்த்தம்.

இது புதுமையான யோசனையும் இல்லை. செஸ்னா 172 போன்ற சின்ன விமானங்களில் இப்படி வடிகால் வால்வுகள் வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளன. அங்கே ஃபில்டர் வைத்த எஞ்சினுக்கு ஐம்பது மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது வழக்கம். அத்தனை முறை போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. ஜெர்மனியின் ஸ்டால்புஸ் வேறு மாதிரி செய்கிறது: லீவரே இல்லை, ஸ்பிரிங் வைத்த வாய், மேலே ஒரு மூடி. மூடியைக் கழற்றி ஹோஸின் முனையை மாட்டினால்தான் வாய் திறக்கும். நீட்டலும் குறைவு. பைக் வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

வடித்த ஆயிலைக் கேனோடு மூடி எடுத்துப் போக முடிவது எனக்குப் பெரிய நிம்மதி. பக்கத்துக் கட்டடத்து மேஸ்திரி சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்டார், கொடுக்கவில்லை. பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. அண்ணன் பட்டறையில் பீப்பாய் நிறைந்ததும் மறுசுத்திகரிப்புக்கு எடுக்க வண்டி வரும், அதில் சேர்த்துவிடுகிறேன்.

சரி, வாங்கலாமா? வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, ஒரே ஒருமுறை ஆயில் மாற்றுகிற ஆளுக்குத் தேவையில்லை. அந்த ஒரு நாள் பக்கத்தில் நின்று, புது வாஷர் போடச் சொல்லி, ஏர் கன்னை ஓரமாக வைக்கச் சொன்னால் பத்து வருடத்துக்கு மரை அப்படியே இருக்கும். வாடகைக் கார் ஓட்டி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறவருக்கும், ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்கும், என்னைப்போல் ஒருமுறை மரை கழன்று ஹெலிகாயில் போட்ட சம்ப் வைத்திருப்பவருக்கும் மூவாயிரம் வீணில்லை.

போன மாதம் அண்ணன் வந்து லீவரை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பழைய போல்ட்டைத் தூக்கிப் போட்டறாதீங்க" என்றார். போடவில்லை. புது வாஷர் ஒன்றோடு டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கிறது, கூடவே ஒரு 17 எண் ஸ்பேனர்.