தெருவின் ரகசியம்

ஓட்டு எந்திரம் பற்றிய நம்ம சண்டைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் நிற்கின்றன: நான் அழுத்தினது சரியாகப் பதிவாச்சா? 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அதற்குத்தான் பதில் சொல்கிறது. விவிபேட் சீட்டுகள் முழுவதையும் எண்ணும் கோரிக்கையை நிராகரித்தது. சின்னம் ஏற்றும் கருவிகளை 45 நாள் சீல் வைத்துப் பாதுகாக்கச் சொன்னது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் கேட்டால் ஐந்து சதவீத எந்திரங்களின் சிப்பைச் சோதிக்கலாம் என்றது. கவனமான தீர்ப்புதான். ஆனால் அரியலூர்ப் பக்கம் இருந்து வாசித்தால் இன்னொரு கேள்வி பாக்கி நிற்கிறது.

2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். சிதம்பரம் தொகுதியைச் சேர்ந்த பொன்பரப்பியில் பட்டியலினத்தவர் வீடுகள் தாக்கப்பட்டன. எண்ணிக்கைக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருந்தது. பானைச் சின்னத்துக்கு யார் போடுவார் என்று தெரிந்துகொள்ள அங்கே எந்திரம் தேவைப்படவில்லை, தெரு போதுமாக இருந்தது. முடிவில் திருமாவளவன் வென்றது 3,219 வாக்கு வித்தியாசத்தில். இவ்வளவு சின்ன வித்தியாசம் என்றால் எல்லாருக்கும் பூத்வாரிக் கணக்கு வேணும். படிவம் 20-ல் அது அப்படியே கிடைக்கும்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி 59ஏ இடம் கொடுத்தது. எந்திரம் வந்ததும் ஒவ்வொரு பூத்தும் தனியாகப் பேச ஆரம்பித்தது. 14 பூத்துகளைச் சேர்த்துக் கூட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. 2015-ல் சட்ட ஆணையமும் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

என் தொழிலில் இது பழைய பாடம். பேரை அழித்துவிட்டால் டேட்டா ரகசியமாகிவிடாது. ஒரு குழுவில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால், குழு தெரிந்தாலே ஆள் தெரிந்துபோகும். ஊரும் காலனியும் பிரிந்து கிடக்கிற மாவட்டத்தில் பூத் என்பது பல இடங்களில் சாதியின் எல்லைக்கோடு.

எதிர்வாதமும் வலுவானதுதான்: பூத்வாரி எண் இருந்தால்தான் முறைகேட்டைப் பிடிக்க முடியும், டோட்டலைசர் நம்ப வேண்டிய இன்னொரு பெட்டி. ஆனால் ஒரு பூத்தில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதைப் படிவம் 17சி சொல்லிவிடுகிறது. அதைச் சரிபார்க்க, யாருக்கு எத்தனை என்று தெருவாரியாக ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2013-ல் நோட்டா தீர்ப்பில் இதே நீதிமன்றம், ஓட்டுப் போடாதவரின் ரகசியத்தையும் காக்க வேண்டும் என்றது. தனி ஆளுக்குத் தந்த அந்தப் பாதுகாப்பு இன்னும் தெருவுக்கு வந்து சேரவில்லை. டோட்டலைசர் வந்திருந்தால் பொன்பரப்பியில் கல் விழாமல் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சந்தேகத்தை வைத்து அடிக்கிறவன் கையில் கணக்கையும் அரசே அச்சடித்துத் தர வேண்டாம் என்கிறேன்.