வல்லாஞ்சேரிப் பெட்டகமும் குரோம்பேட்டை வீடும்

தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால், கூடுவாஞ்சேரிப் பக்கம் வல்லாஞ்சேரியில் இருக்கிறது ஜோஹோவின் தலைமையகம். பாஸ்வேர்டுகளைச் சேமிக்க அந்த நிறுவனம் தரும் செயலி ஜோஹோ வால்ட். தனி ஆளுக்கு இலவசம். 'நம்ம ஊர்க் கம்பெனி' என்பதற்காகவே அதைப் போட்டுக்கொண்டவர்கள் இந்தப் பக்கம் உண்டு. ஊர்ப்பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெட்டகத்தை ஊர் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. சர்வர் திருட்டுப் போனால் என் பாஸ்வேர்டுகள் என்ன ஆகும் என்பதே முதல் கேள்வி.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2022-இல் இதே மாதிரி செயலி தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே திருடிச் சென்றார்கள். பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் இருந்தன. எந்தெந்த இணையதளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் அப்படியே கிடந்தன. பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை வலுவாக வைத்தவர் தப்பினார். பிள்ளை பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து வைத்தவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

வால்டின் அமைப்பு இந்தக் கேள்விக்கு ஒழுங்காகவே பதில் சொல்கிறது. பாஸ்வேர்டுகள் நம் கருவியிலேயே குறியாக்கமாகித்தான் சர்வருக்குப் போகின்றன; மாஸ்டர் பாஸ்வேர்டு நிறுவனத்திடம் இல்லை. வால்டைக் குறை சொல்பவர்கள் 2022-ஐ இழுப்பார்கள். ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு விற்கும் 'பாஸ்வேர்டு மேனேஜர் புரோ'வில் அவ்வருடம் கடுமையான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான். உள்நுழையாமலேயே சர்வரில் கட்டளை ஓட்ட அது வழிவிட்டது. திருத்தம் வெளியான பிறகும் தாக்குதல் நடந்ததால், அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஸா செப்டம்பரில் அதை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அது நிறுவனங்கள் தங்கள் சர்வரில் தாங்களே நிறுவிக்கொள்ளும் வேறு பொருள். அதை வைத்து வால்டைத் தள்ளுவது நியாயமில்லை. பல்லாவரத்தில் நாலு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வால்டின் கட்டணத் திட்டம் பொருத்தம். வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை உடனே எடுத்துவிடலாம்.

குரோம்பேட்டை வீட்டுக் கணக்கு வேறு. பெரும்பாலோர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. குரோம் 'சேமிக்கட்டுமா' என்று கேட்கிறது, சரி என்கிறார்கள். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். சிக்கல் என்னவென்றால், போனின் லாக் நம்பர் தெரிந்தால் சேமித்தது அத்தனையும் திறந்துவிடும். அந்த நம்பர் வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? பத்தாவது படிக்கும் பையனுக்கு நிச்சயம் தெரியும்.

அடுத்தது பிட்வார்டன். 2016-இல் வந்தது. நிரல் முழுவதும் யாரும் படித்துச் சோதிக்கத் திறந்திருக்கிறது. இணைய முகவரிகளையும் சேர்த்தே குறியாக்குகிறது. இலவசக் கணக்கில் எத்தனை கருவி வேண்டுமானாலும் சேர்க்கலாம். கணவன் மனைவி இருவர் பகிர்ந்துகொள்ளவும் இடமுண்டு. ஒரு பொறி இருக்கிறது. இரட்டைச் சரிபார்ப்பு போடாதவர் புதுப் போனில் நுழைந்தால் மின்னஞ்சலுக்கு ஓர் எண் வரும். கடற்கரை ரயிலில் போனைத் தொலைத்தவரின் மின்னஞ்சல் பாஸ்வேர்டும் பெட்டகத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தால், சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதைதான். அதனால் மின்னஞ்சல் பாஸ்வேர்டு, மாஸ்டர் பாஸ்வேர்டு, இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீடு, இவை தாளில் எழுதி பீரோவில் இருக்கட்டும். டைரியில் எழுதும் அப்பாக்களைக் கேலி செய்கிறோம். இந்த ஒரு வேலைக்கு அவர்கள் வழிதான் சரி. யூபிஐ பின் மட்டும் எந்தத் தாளிலும் வேண்டாம்.

கீபாஸ்எக்ஸ்சி சர்வரே இல்லாதது. பாதுகாப்பில் பழுதில்லை, கோப்பைப் போனுக்கும் கணினிக்கும் நாமே நகலெடுக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

மற்ற பாஸ்வேர்டுகளை இந்தச் செயலிகளே உருவாக்கித் தரும். நினைவில் வைக்க வேண்டியது மாஸ்டர் மட்டுமே. அதற்கு டைஸ்வேர் முறையை மிஞ்ச எளிய வழி இல்லை. ஆறு பக்கப் பகடையை ஐந்து முறை உருட்டினால் அதன் பட்டியலில் உள்ள 7,776 சொற்களில் ஒன்று கிடைக்கும். ஆறு சொற்கள் போதும். குறளையோ சினிமாப் பாட்டையோ ஆங்கில எழுத்தில் அடிப்பது இதற்கு ஈடாகாது, அவை ஊரறிந்தவை. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-லேயே பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றச் சொல்லும் கட்டாயத்தைக் கைவிட்டது. கசிந்தால் மாற்றினால் போதும்.

என் தீர்ப்பு இது: குடும்பத்துக்கு பிட்வார்டன், சிறு அலுவலகத்துக்கு ஜோஹோ வால்ட். இரண்டுக்கும் சோம்பலாக இருந்தால் குரோமே இருக்கட்டும், ஆனால் இன்றைக்கே போனின் லாக் நம்பரை மாற்றிவிடுங்கள், பையனிடம் சொல்லாதீர்கள்.