சேமித்துப் பார்!

உங்கள் செல்போனில் எத்தனை சமையல் குறிப்புகள் சேமித்து வைத்திருக்கிறீர்கள்? என்னிடம் 412. சமைத்தது 9. நான் பி.காம்.; எங்கள் பாஷையில் இதற்கு 'டெட் ஸ்டாக்' என்று பெயர்.

பாப்ரிகா போன்ற செயலிகள் கெட்டிக்காரத்தனமானவைதான். 2011-ல் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்று ஒரு பொது இலக்கணம் வகுத்தன. 'இது தேவையான பொருள், இது செய்முறை' என்று இணையப் பக்கங்கள் உள்ளுக்குள் சீட்டு ஒட்டிக்கொண்டன. செயலி அந்தச் சீட்டைப் படித்து, விளம்பரம், பாட்டி கதை எல்லாவற்றையும் உதறிவிட்டு, குறிப்பை மட்டும் லபக்கென்று எடுத்துக்கொள்கிறது. 4 பேருக்கான அளவை 12 பேருக்குப் பெருக்கியும் தருகிறது.

அப்படிப் பெருக்கித்தான் போன மாதம் வத்தக்குழம்பு வைத்தேன். புளித்தண்ணீர் மூன்று மடங்கு. கொதித்தது மட்டும் அதே 15 நிமிஷம். சுண்டவே இல்லை. வந்தவர்கள் ரசம் என்று நினைத்துச் சாப்பிட்டார்கள்.

அம்மாவிடம் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருந்தது. 1951-ல் முதலில் வெளிவந்த புத்தகம். வத்தக்குழம்புப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. ஓரத்தில் பென்சிலால், 'புளி பாதி போதும். அவருக்கு நெஞ்செரிச்சல்.' அச்சில் இருந்தது ஊருக்கெல்லாம். பென்சிலில் இருந்தது எங்கள் வீட்டுக்கு.

செயலியிலும் சொந்தமாக எழுத ஒரு கட்டம் உண்டு. என் 412-லும் அது காலி. ஆகவே, சமைக்கப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுங்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு வரி எழுதுங்கள். 'காரம் ஜாஸ்தி' என்றாலும் போதும். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் தேடப்போவது அந்த வரியைத்தான்.