உடன் ஆடும் சூது

ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்குவோர் 'கொலூசிவ்' என்னும் பெயரடையைக் கண்டவுடன் 'சதிகார' என்றெழுதி அமைதி கொள்கின்றனர். பொருள் ஓரளவு பொருந்தும். ஆயினும் சொல்லின் உயிர் நழுவிவிடுகிறது.

சதிக்கு மறைவு போதும். இச்சொல்லுக்கோ ஒரு நாடகமும் வேண்டும். வெளியே எதிரிகளாகவோ போட்டியாளர்களாகவோ தோன்றுவோர் உள்ளே கைகோத்திருக்க, மூன்றாமவர் ஏமாறுதலே இதன் இயல்பு. வங்கியைக் கொள்ளையிடக் கூடுவோர் சதிகாரர். கட்டட வேலைக்குத் தனித்தனியே விலை எழுதிக் கொடுத்து, வெல்பவர் இன்னார் என்பதை முன்கூட்டியே பேசி முடித்த குத்தகையாளர்களின் செயலோ 'கொலூசிவ்' எனப்படும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுப்பதும் இத்தகைய கூட்டையே.

இந்நாடகத்தை ஈவ்லின் வோ 1934இல் வெளியிட்ட, 'ஒரு பிடிப் புழுதி' எனப் பொருள்படும் தலைப்புடைய நாவலிலே காணலாம். அக்கால இங்கிலாந்தில் மணவிலக்குப் பெறப் பிறர்மனை சேர்ந்த குற்றத்தை மெய்ப்பித்தாக வேண்டும். கணவனும் மனைவியும் ஒத்துப்பேசிச் சான்று புனைந்தமை வெளிப்பட்டால் வழக்கே வீழும். கதையில் பிழை செய்தவள் மனைவி. பழியை ஏற்பவனோ டோனி. கூலிக்கு அமர்த்திய பெண்ணொருத்தியுடன் அவன் பிரைட்டன் விடுதியில் தங்குகிறான். துப்பறிவோர் சாட்சிக்கு வருகின்றனர். அப்பெண்ணோ தன் சிறுமகளையும் அழைத்து வந்துவிடுகிறாள்! நகைப்புக்கிடமான இக்காட்சியில் குற்றமற்றவனே குற்றவாளி வேடம் புனைகிறான். ஏமாற்றப்பட வேண்டியதோ நீதிமன்றம். வோ இதனைக் கண்டித்து ஒரு சொல்லும் உரைக்கவில்லை, காட்சியே போதுமானதாயிற்று. உடன்பட்டுப் புனைந்த வழக்கை முற்றாகத் தடுத்த விதி 1963இல் தளர்த்தப்பட்டு, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் மறைந்தது.

இச்சொல்லின் இலத்தீன் வேர் 'உடன் விளையாடு' எனும் பொருளது. தமிழிலும் 'சூது' என்பது ஆட்டத்தையும் வஞ்சகத்தையும் ஒருங்கே குறிக்கும். எனினும் சூதாடுவோர் மெய்யாகவே ஒருவரையொருவர் வெல்ல முயல்வர். ஈண்டு எதிராட்டமே பொய். திருக்குறளின் 'கூடா நட்பு' நண்பரைப்போல் நடிக்கும் பகைவரைச் சொல்வது; இஃதோ பகைவரைப்போல் நடிக்கும் நண்பரைச் சொல்வது.

'உடந்தை' என்பது துணைபோனவரை மட்டுமே சுட்டும். ஒப்பந்தம் இருபுறத்தும் சமம் என்பதைக் காட்டாது. பேச்சு வழக்கின் 'கூட்டுக் களவாணி' நெருங்கி வருகிறது. ஆனால் நீதிமன்றத்தில் அதனை எழுதவியலாது. 'கள்ளக்கூட்டு' என்பதே அடக்கமும் தெளிவும் உடையது. 'கள்ளக்கூட்டு வழக்கு', 'கள்ளக்கூட்டு விலை' எனப் பெயரடையாகவும் இடர்ப்பாடின்றி நிற்கும்.