ஒற்றை எண்ணின் ஆட்சி

பெரிய கட்டுமானத் தளங்களில் ‘இன்னும் இத்தனை நாள்’ என்று இறங்குமுகமாக எண்ணும் பலகை வைப்பது ஒரு மோஸ்தராகிவிட்டது. டெல்லி மெட்ரோ பணியிடங்களில் இ. ஸ்ரீதரன் வைத்த அத்தகைய பலகைகளை மேலாண்மை வகுப்புகளில் பாடமாகச் சொல்கிறார்கள். அதிலிருந்து ஒரு கொள்கையும் முளைத்துவிட்டது. திறப்பு நாளை முதலில் குறி. அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு வேலைக்கும் நாள் ஒதுக்கு. நெருக்கினால் வேலை நடக்கும். அரசு அலுவலகத்திலும் மென்பொருள் நிறுவனத்திலும் இதையே திட்டமிடலின் உயர்ந்த வடிவம் என்று ஆதரித்துப் பேசுகிறார்கள். இவர்கள் புகழ்வது திட்டமிடலையே அன்று. ஒரு தேதியின் மீதுள்ள பிடிவாதத்தைத்தான் புகழ்கிறார்கள்.

கால அட்டவணையின் பயனை நான் மறுக்கவில்லை. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம் என்று எழுதிப் பார்க்கும் ஒழுங்கு ஒன்றே பல குழப்பங்களைத் தீர்க்கும். வேலைகளைப் பட்டைகளாக வரையும் பார் சார்ட் ஒரே பார்வையில் முழு வேலையையும் காட்டுகிறது. 1957இல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ரேண்டின் ஜேம்ஸ் கெல்லியும் வகுத்த கிரிட்டிகல் பாத் முறை, எந்த வேலை பிந்தினால் மொத்தமும் பிந்தும், எதில் சற்றே தளர்வு உண்டு என்பதைப் பிரித்துக் காட்டியது. லிஃப்டையும் டிரான்ஸ்ஃபார்மரையும் எப்போது ஆர்டர் செய்ய வேண்டும் என்பதை இந்த முறை தெரியாதவர் கடைசி நிமிடத்தில்தான் உணர்வார். இதெல்லாம் உண்மை.

ஆனால் இந்த முறையின் அடித்தளத்திலேயே ஒரு குறை இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஒரு எண்ணை எழுதுகிறோம். அஸ்திவாரம் 40 நாள், கம்பி கட்ட 14 நாள், வரைபட ஒப்புதல் 10 நாள். இந்த எண்களைக் கூட்டி ஒரு முடிவுத் தேதி வருகிறது. அது நாள், மாதம், ஆண்டு என்று துல்லியமாக இருப்பதால் உண்மை என்று நம்பப்படுகிறது. அடுத்த கூட்டத்தில் அது வாக்குறுதியாகிறது. அதற்கடுத்த கூட்டத்தில் அதை மீறியவர் குற்றவாளியாகிறார். மதிப்பீடு எந்த இடத்தில் ஆணையாக மாறியது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் குறை தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1958இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறை, ஒரு வேலைக்கு மூன்று எண் கேட்டது: எல்லாம் சாதகமாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள். கம்பி கட்டும் வேலை விரைந்தால் 10 நாள், வழக்கத்தில் 14 நாள், கெட்டால் 36 நாள் என்று கொள்வோம். நடு எண்ணுக்கு நான்கு மடங்கு எடை கொடுத்து, மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்கும் பெர்ட் கணக்கின்படி எதிர்பார்க்க வேண்டிய காலம் 17 நாள். அட்டவணையில் ஏறுவதோ 14. வேலை சீக்கிரம் முடிவதற்கு ஓர் எல்லை உண்டு. தாமதத்துக்கு எல்லை இல்லை. இந்த எளிய உண்மையைத்தான் ஒற்றை எண் மறைக்கிறது.

பெர்ட்டும் முழுமையான முறை அன்று. ஒரே பாதையை மட்டும் பார்த்துக் கணக்கிடுவதால் அதுவும் காலத்தைக் குறைத்தே சொல்கிறது என்று 1960களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். போலாரிஸின் வெற்றியில் பெர்ட்டின் பங்கு சொல்லப்பட்ட அளவு பெரிதல்ல, வெளியிலிருந்து வந்த குறுக்கீடுகளைத் தடுக்கும் கவசமாகவே அது அதிகம் பயன்பட்டது என்று ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் ஒரு நூலே எழுதினார். ஆனாலும் அந்த மூன்று எண்களில் ஓர் ஒப்புதல் இருந்தது: ‘எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது.’ அந்த ஒப்புதலை நாம் தூக்கியெறிந்துவிட்டு, பட்டைகளையும் தேதிகளையும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

வேலைகள் ஒன்றுசேரும் இடத்தில் இதன் விளைவு இன்னும் கொடுமையானது. ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். சென்ட்ரிங் முடிய வேண்டும், கம்பி கட்டியாக வேண்டும், மின்குழாய் பதித்திருக்க வேண்டும், மேற்பார்வைப் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும், ரெடிமிக்ஸ் லாரி வர வேண்டும். ஐந்தும் தனித்தனியே குறித்த நாளில் தயாராக 90 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றும், ஒன்று மற்றதைச் சாராதது என்றும் கொள்வோம். ஐந்தும் ஒரே நாளில் தயாராக இருக்க 59 விழுக்காடுதான் வாய்ப்பு. ஐந்து பத்தானால் அது 35 விழுக்காடாக இறங்கும். நான்கு வேலைகள் முன்கூட்டியே முடிந்தாலும் பயனில்லை. ஐந்தாவதற்காகக் கான்கிரீட் காத்திருக்கும். மிச்சம் பிடித்த நாள்கள் வீணாகின்றன, இழந்த நாள்கள் மட்டும் அடுத்த வேலையின் தலையில் ஏறுகின்றன. ஒவ்வொருவரும் நேர்மையாக உழைத்தும் மொத்த வேலை பிந்துவதற்கு இதுவே காரணம். அட்டவணை இதைச் சொல்வதில்லை. ஐந்து பட்டைகளும் ஒரே கோட்டில் அழகாக முடிவதாகத்தான் அது காட்டுகிறது.

தன் வேலையைப் பற்றி மனிதர் சொல்லும் கணிப்பு எப்படிப்பட்டது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வர்ஸ்கியும் 1970களின் இறுதியில், தேவைப்படும் காலத்தைக் குறைத்தே கணிக்கும் திட்டமிடல் மயக்கத்தை எடுத்துக்காட்டினார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் என்று கேட்டபோது 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கும் மேல். தாங்களே கற்பனை செய்த மிக மோசமான நிலையையும் அவர்கள் தாண்டிவிட்டார்கள். இத்தனைக்கும் அவர்களை யாரும் மிரட்டவில்லை. நம் கூட்டங்களில் திறப்பு நாளை அறிவித்துவிட்டு, அதன் பிறகு பொறியாளரைப் பார்த்து ‘உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும்?’ என்று கேட்கிறோம். அதற்கு அவர் சொல்லும் பதில் கணிப்பாக இருக்க முடியாது. பணிவுதான் அங்கே பதிலாக வருகிறது.

இதை அறியாமை என்று மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பென்ட் ஃப்ளூபியர் உலகெங்கும் 16,000க்கும் மேற்பட்ட பெருந்திட்டங்களின் கணக்கைத் தொகுத்து 2023இல் வெளியிட்டார். செலவு, காலம் இரண்டிலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவை 8.5 விழுக்காடுதான். பத்தில் ஒன்பது தவறும் ஒரு கணிப்பு முறையை மேலும் மேலும் அதே வடிவில் பயன்படுத்துபவருக்கு அது தவறும் என்று தெரியாதா? தெரியும். குறைந்த நாள் சொன்னால்தான் ஒப்புதல் கிடைக்கும், ஒப்பந்தம் கைக்கு வரும், அறிவிப்பு செய்தியாகும். பிறகு பிந்தினால் பழி சொல்ல மழையும் மேஸ்திரியும் இருக்கிறார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். சென்னையில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் நீட்டிப்பு சுமார் ஐந்து கிலோமீட்டர். பணி 2008இல் தொடங்கியது. ஏறத்தாழ நாலரை கிலோமீட்டருக்குத் தூண்கள் எழுந்து நின்றன. ஆதம்பாக்கத்தை ஒட்டிய அரை கிலோமீட்டர் மட்டும் நில இழப்பீட்டு வழக்கில் சிக்கியது. அந்த அரை கிலோமீட்டருக்காக மற்ற நாலரையும் பத்தாண்டுக்கு மேல் பயனின்றி நின்றன. நகரத்துக்குள் நிலம் எடுத்தால் வழக்கு வரும் என்பது 2008இல் யாருக்கும் தெரியாத ரகசியமா? தூண் எழுப்பும் வேலைக்கு நாள் கணக்குப் போடத் தெரிந்தது. நிலம் கைக்கு வருவது மட்டும் தேதிக்குக் கட்டுப்படாதது; அதன் நிச்சயமின்மையைச் சொல்ல ஒற்றை எண்ணுக்கு வழியில்லை.

150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களின் நிலையைப் புள்ளியியல் அமைச்சகம் தொடர்ந்து அறிக்கையாக வெளியிட்டு வருகிறது. தாமதத்துக்கு அதில் காணும் காரணங்கள் ஆண்டுதோறும் அவையேதான்: நிலம் எடுப்பதில் தாமதம், வனத்துறை ஒப்புதல், விரிவான வடிவமைப்பில் தாமதம், வேலையின் அளவில் மாற்றம், ஒப்பந்தச் சிக்கல். இத்தனை ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் ஒன்றை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் அக்டோபரிலும் வருகிறது. சென்னையில் நவம்பர் மாதத்துக்கும் பிப்ரவரி மாதத்துக்கும் ஒரே வேகத்தில் மண் தோண்டும் கணக்குப் போட்ட அட்டவணையை மழை கெடுத்தது என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பானது. போடும்போதே அது கெட்டிருந்தது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. தேவையான அறிவு நம்மிடமே இருக்கிறது. பொதுப்பணித் தளங்களில் தடைப் பதிவேடு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ‘ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர்’ என்றால் எந்தத் தளப் பொறியாளருக்கும் தெரியும். எந்தத் தேதியில் எந்த வரைபடம் வராமல் வேலை நின்றது, எத்தனை நாள் மழை, எப்போது இடம் ஒப்படைக்கப்பட்டது என்று எல்லாம் அதில் கையெழுத்தோடு இருக்கும். கால நீட்டிப்பு கேட்கவும், அபராதத்தை எதிர்த்து வாதாடவும் அதைத் திறக்கிறார்கள். வழக்கு தீர்ந்ததும் மூடிவிடுகிறார்கள். அடுத்த கட்டடத்தின் கால அட்டவணையைப் போடுபவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு திட்டமும் உலகத்தின் முதல் திட்டம்போல வெறுங்கையோடு தொடங்குகிறது.

நாளை நெருக்கினால் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இழந்த மாதங்களை முடிவில் உள்ள வேலைகளிலிருந்து பிடுங்குகிறார்கள். நாலரை மீட்டருக்கு மேற்பட்ட இடைத்தூரம் (ஸ்பான்) கொண்ட தளத்தின் கீழ்த் தாங்குகால்களைக் குறைந்தது 14 நாள் எடுக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை 456. சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது ஏழு நாளாவது கான்கிரீட்டை ஈரத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கோப்பு மேசையில் மூன்று மாதம் தூங்கியதற்காக இந்த நாள்கள் வெட்டப்படுகின்றன. பூச்சு உலரும் முன் வண்ணம் அடிக்கிறார்கள். தண்ணீர்க் கசிவுச் சோதனை காகிதத்தில் முடிகிறது. தொழிலாளி இரவும் பகலும் சாரத்தில் நிற்கிறார். திறப்பு விழா குறித்த நாளில் நடக்கிறது. அடுத்த மழையில் கூரை ஒழுகுகிறது. அட்டவணையின்படி அந்தத் திட்டத்துக்கு வெற்றி என்று பெயர்.

தளர்வு கொடுத்தால் சோம்பல் வரும், கொடுத்த காலம் முழுவதையும் வேலை தின்றுவிடும் என்பார்கள். பார்க்கின்சன் 1955இல் சொன்னது அதுதான். அதில் உண்மை இருக்கிறது. அதற்கு விடையும் உண்டு. ஒவ்வொரு வேலையிலும் ஒளித்து வைக்கும் கூடுதல் நாள்களை எடுத்து, திட்டத்தின் முடிவில் எல்லோருக்கும் பொதுவான ஒரே இருப்பாக வையுங்கள் என்று எலியாகு கோல்ட்ராட் 1997இல் எழுதினார். அந்த இருப்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைப் பார்த்தாலே திட்டத்தின் உடல்நலம் தெரிந்துவிடும். இருப்பே இல்லை என்று நடிப்பதைவிட இது கண்டிப்பான முறை.

ஸ்ரீதரனின் பெயரைச் சொல்லி ஒற்றைத் தேதியைக் காப்பாற்றுபவர்கள் அவரிடமிருந்து தவறான பாடத்தை எடுத்திருக்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைச் சீரமைக்க ரயில்வே முதலில் ஆறு மாதம் குறித்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். இளம் பொறியாளரான அவர் 46 நாளில் முடித்தார். மேலே இருந்தவர்கள் குறித்த இரண்டு எண்களும் தவறின என்பதுதான் அங்கே உண்மை. டெல்லி மெட்ரோவில் அவரிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தது, கோப்பு தேங்காத சிறிய அமைப்பு இருந்தது, அரசியல் குறுக்கீட்டை அவர் அனுமதிக்கவில்லை. எண்ணும் பலகை இவற்றின் அறிவிப்பு மட்டுமே. அதிகாரத்தைக் கொடுக்காமல் பலகையை மட்டும் கொடுப்பவர் அவரைப் பின்பற்றவில்லை.

வேண்டியது பெரிய புரட்சி அன்று. பழைய திட்டங்களில் உண்மையில் ஆன காலத்தையும் செலவையும் வைத்தே புதியதை மதிப்பிட வேண்டும் என்பது இந்தத் துறையில் நிறுவப்பட்ட முறை. பிரிட்டனின் போக்குவரத்துத் துறை 2004இல் செலவு மதிப்பீட்டுக்கு அதை ஏற்றுக்கொண்டது. நாம் காலத்துக்கும் ஏற்கலாம். ஒவ்வொரு துறையும் தன் தடைப் பதிவேடுகளைத் தொகுத்து வெளியிடட்டும். திட்ட அறிக்கையில் ஒரு தேதிக்குப் பதிலாக இரண்டு தேதி அச்சிடட்டும்: பாதி வாய்ப்புள்ளது ஒன்று, பத்தில் ஒன்பது வாய்ப்புள்ளது இன்னொன்று. மக்களிடம் இரண்டாவதைச் சொல்லட்டும். பொறியாளர்களுக்கும் திட்ட மேலாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த கூட்டத்தில் யாராவது ஒரு நாள் எண்ணைச் சொன்னால், ‘இதே வேலை சென்ற முறை எத்தனை நாள் எடுத்தது?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த எண்ணை அட்டவணையில் ஏற்றாதீர்கள்.