அந்தர்பாட்டும் அறுகரிசியும்: புணேயிலும் யாழ்ப்பாணத்திலும் கல்யாணப் படம்

புணேயில் கல்யாணப் படம் எடுப்பவருக்குப் புத்தாண்டு துளசி விவாகத்தன்றுதான் பிறக்கிறது. ஆஷாட ஏகாதசியில் உறங்கப்போன விஷ்ணு கார்த்திகை ஏகாதசியில் கண்விழிக்கிறார் என்பது நம்பிக்கை. நடுவில் உள்ள நான்கு மாதங்களில் மராத்தி வீடுகளில் முகூர்த்தம் வைப்பதில்லை. ஏகாதசிக்கு மறுநாளிலிருந்து பௌர்ணமிக்குள், கரும்பு நட்டு, துளசி மாடத்துக்கும் கிருஷ்ணனுக்கும் கல்யாணம் செய்துவைப்பார்கள். அதற்குப் பிறகுதான் மனிதர்களின் முறை. 1973இல் ஜயந்த்ராவ் சாள்காவ்கர் தொடங்கிய 'காலநிர்ணய்' நாட்காட்டியைப் புரட்டினால் ஸ்டுடியோக்காரருக்குத் தன் குளிர்காலம் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அவர் வீட்டில் சாப்பிடும் நாள் குறைவு. பௌஷ மாதத்தைப் பல குடும்பங்கள் ஒதுக்குவதால், அப்போது கிடைக்கும் இடைவெளியில் ஆல்பம் வேலை நகரும்.

யாழ்ப்பாணத்திலும் படப்பிடிப்பாளரின் டயரியைப் பஞ்சாங்கமே எழுதுகிறது. கொக்குவில் இரகுநாதையரின் வாக்கிய பஞ்சாங்கமோ திருக்கணிதமோ எதுவாகட்டும், அது குறித்துக் கொடுத்த நாளில்தான் அவருக்கு வேலை. ஆனால் காலநிலை இரண்டு ஊருக்கும் எதிரெதிர். புணேயில் மழை விட்ட பிறகு முகூர்த்தம் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துக்கு மழை வருவதே ஐப்பசி, கார்த்திகையில்தான். கார்த்திகைக் கல்யாணம் என்றால் கமெராவோடு பொலித்தீன் உறையும் கூடப் போகும். மழை ஓயும்போது மார்கழி வந்து கதவைச் சாத்திவிடும். கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தங்களுக்கு டிசம்பரில் விடுமுறை கிடைக்கும், ஆனால் மார்கழியில் தாலி கட்டமாட்டார்கள். அதனால் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒட்டிவரும் ஆவணிக்கும், பொங்கலுக்குப் பின் வரும் தைக்கும் நெரிசல்.

வெளிச்சமும் அப்படித்தான். டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் புணேயில் நண்பகல் சூரியன்கூட சுமார் 48 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. யாழ்ப்பாணத்தில் அது 57 பாகை. சாய்ந்த வெயில், ஈரமில்லாத காற்று, காய்ந்து பொன்னிறமான புல். கடக்வாஸ்லா அணைக்கரைக்கும் சிங்ககட் சரிவுக்கும் முள்ஷி ஏரிப்பக்கத்துக்கும் விடியலிலேயே ஜோடிகள் கிளம்பிவிடுவது இதனால்தான். ஏழு மணியளவில் சூரியன் எழுந்ததும் பனிமூட்டத்தின் வழியாக வரும் அந்த ஒரு மணி நேர ஒளியை எந்த விளக்கும் தராது. காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும் நல்லூர் மந்திரிமனை முன்பும் படம் எடுப்பவருக்கு மேகம்தான் துணை. மேகத்தடியில் நிழல் விழாது, பட்டு கண்ணைக் கூசவைக்காது, முகம் மென்மையாக வரும். ஒருவர் வெயிலைத் துரத்துகிறார், மற்றவர் வெயில் ஏறிவிடக் கூடாதே என்று பார்க்கிறார்.

எடுக்கும் பழக்கத்தில் உள்ள பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் சடங்குதான். மராத்திக் கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே அந்தர்பாட் என்னும் வெள்ளைத் துணியைப் பிடிப்பார்கள். பெண்ணின் தாய்மாமன் அவளை மண்டபத்துக்கு அழைத்து வந்து நிறுத்துவார். நெற்றியில் முண்டாவளி என்னும் சரம் தொங்க, கையில் மாலையோடு இருவரும் துணியைப் பார்த்தபடி நிற்பார்கள். மங்களாஷ்டகம் பாடப்பாட, ஒவ்வொரு செய்யுளின் முடிவிலும் சபை அட்சதை தூவும். கடைசிச் செய்யுள் முடிந்ததும் வாத்தியம் வெடிக்கும், துணி விலகும், முந்நூறு கைகளிலிருந்து அரிசி பறக்கும், கண்கள் சந்திக்கும், மாலை மாறும். எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள். யாரும் யாரையும் நிறுத்த முடியாது. துணி ஒருவரை மற்றவரிடமிருந்து மறைப்பதால் ஒரு கேமரா போதாது. பெண்ணின் தோளுக்குப் பின்னால் ஒருவர், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒருவர் என்று இருவர் நிற்க வேண்டும். ஷட்டர் வேகம் 1/500இல் இருந்தால் அரிசி மணிமணியாக அந்தரத்தில் நிற்கும். 1/60க்கு இறக்கினால் வெள்ளைக் கோடாக இழுத்துக்கொண்டு முகத்தையும் கலைக்கும். இதை முதல் செய்யுளிலேயே முடிவு செய்தாக வேண்டும். கடைசிச் செய்யுளில் டயலைத் திருகினால் படம் போயிற்று.

யாழ்ப்பாணத்து மணவறையில் முகூர்த்தம் படப்பிடிப்பாளருக்காக ஒரு மூச்சு நிற்கும். தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை தாலிக்கொடியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோனதும், "தம்பி, அப்பிடியே பிடியுங்கோ, இஞ்ச பாருங்கோ" என்று குரல் வரும். மாப்பிள்ளை பார்ப்பார். ஐயரும் பொறுப்பார். பிறகுதான் பூட்டுவார். ஒரு சுருளில் 36 படம் என்றிருந்த பிலிம் காலத்தின் பழக்கம் இது, தமிழ்நாட்டிலும் உண்டு. அதன் பின் வரும் அறுகரிசி இன்னும் நிதானமானது. தாய் தகப்பன் தொடங்கி, மாமன் மாமி, பெரியப்பா, சித்தி என்று முறைப்படி இணையிணையாக வந்து, அறுகும் அரிசியும் எடுத்து மணமக்களின் முழங்காலிலும் தோளிலும் தலையிலும் இட்டு வாழ்த்துவார்கள். ஒவ்வொரு இணைக்கும் ஒரு படம் கட்டாயம். வாழ்த்தியவர் லென்ஸைப் பார்க்காமல் இறங்குவதில்லை. அந்தப் படங்களை வரிசையாகப் புரட்டினால் இரண்டு குடும்பங்களின் கிளை முழுவதும் தெரிந்துவிடும்.

பெண்ணின் சகோதரனை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் அவன் வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பான், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். இருவரும் நிமிர்ந்து பார்க்கும் வரை கமெரா காத்திருக்கும். மராத்தி வீட்டில் அதே மைத்துனன் மாப்பிள்ளையின் காதைத் திருகுவான். என் அக்காவை ஒழுங்காக வைத்துக்கொள் என்று அர்த்தம். பரிசும் வாங்கிக்கொள்வான். காது சிவந்து மாப்பிள்ளை முகம் சுளிக்கும் அரை விநாடிதான் படம். அதைத் திரும்பச் செய்யச் சொன்னால் நாடகம் ஆகிவிடும். உறவு ஒன்றுதான், வேலை வேறு.

யாழ்ப்பாண அல்பத்தின் ஒழுங்குக்குச் சடங்கைத் தாண்டிய காரணமும் உண்டு. போர்க்காலத்தில் மாப்பிள்ளை கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பார், பெண் ஊரில் இருப்பாள். ஊருக்கு வர முடியாத மாப்பிள்ளைகள் சென்னைக்கோ திருச்சிக்கோ வந்து தாலி கட்டினார்கள். அந்தக் கல்யாணப் படங்களை எடுத்தவர்கள் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்காரர்கள். துணையை அழைத்துக்கொள்ளும் விசா விண்ணப்பத்தோடு அந்த அல்பம் தூதரகத்துக்குப் போகும். மணம் உண்மையானதா, விசாவுக்காக நடத்திய வேஷமா என்று அதிகாரி படத்தைப் பார்த்து எடைபோடுவார். சடங்கு முழுமையாக இருக்கிறதா, பெற்றோர் நிற்கிறார்களா, சனம் கூடியிருக்கிறதா என்பதெல்லாம் சாட்சியாயிற்று. மானிடவியலாளர் சிதார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியிட்ட 'மேரியிங் ஃபார் எ ஃபியூச்சர்' என்ற ஆங்கில நூலில் கல்யாணத் தரகரோடு கல்யாணப் படத்தையும் முக்கியமான பொருளாக எடுத்து ஆராய்வது இதனால்தான். ஒரு சடங்கின் படம் விடுபட்டால் மாமியார் குறை சொல்வது மட்டுமல்ல, வாழ்க்கையே தள்ளிப்போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் எவரும் கலைநயத்துக்காக அறுகரிசியை விடமாட்டார்.

தென்னிலங்கையிலும் படத்துக்கு இந்தச் சாட்சிக் குணம் உண்டு. சிங்களக் கல்யாணத்தில் மணமக்கள் போருவ என்னும் அலங்கார மேடையில் சபையைப் பார்த்து நிற்பார்கள். சுண்டுவிரல்களை நூலால் கட்டி நீர் வார்ப்பார்கள். எல்லாமே முன்பக்கம் நடப்பதால் படம் எடுப்பவர் ஒரே இடத்தில் நின்று முடித்துவிடலாம். பதிவாளர் பெரும்பாலும் மண்டபத்துக்கே வருவதால் கையெழுத்திடும் படம் இலங்கை அல்பங்கள் பலவற்றில் இருக்கும். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட் நிறுவனம் போன்ற ஸ்டுடியோக்கள் வளர்த்த நேர்நின்ற படத்தின் மரபும் இன்னும் விட்டுப்போகவில்லை. மகாராஷ்டிரத்தில் பதிவு 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பிறகு அலுவலகத்தில். அங்கே அழைப்பிதழ் முதலிய ஆவணங்களோடு ஒரு கல்யாணப் படம் கொடுத்தால் போதும். மீதிப் படங்களுக்குச் சாட்சி சொல்லும் கடமை இல்லை.

அந்தச் சுதந்திரத்தில்தான் புணேயின் 'கேண்டிட்' பாணி வளர்ந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு குறும்படம், மண்டபத்தில் எவரும் கவனிக்காத ஒரு கண்ணீர், பச்சை வளையல் கையின் நெருக்கம், மங்கலான விளக்குகளுக்கு நடுவே நத் என்னும் ஒரு மூக்குத்தி. 1933இல் பிரபாத் பட நிறுவனம் குடியேறி, 1960இல் அதே வளாகத்தில் திரைப்படக் கல்லூரி எழுந்த ஊர் இது. காட்சியாக யோசிப்பது இங்கே புதிதல்ல. நல்ல படங்கள் வருகின்றன, ஐயமில்லை. ஆனால் ஆல்பம் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஆத்யா எங்கே?" என்பதாக இருக்கிறது. அப்பாவின் அக்கா நாக்பூரிலிருந்து வந்து இரண்டு நாள் உழைத்திருப்பார். ஆல்பத்தில் அவர் கை மட்டும் இருக்கும், முகம் இருக்காது. இன்ஸ்டாகிராமில் ஓடும் படத்துக்கு ஆத்யா தேவைப்படுவதில்லை. வீட்டுக்குத் தேவை.

மறுபக்கக் குறையும் உண்டு. யாழ்ப்பாண அல்பம் முழுமையாக இருக்கும், ஆனால் எல்லா அல்பமும் ஒன்றுபோலத் தோன்றும். இருநூறு படங்களில் பெண் இருநூறு முறை லென்ஸைப் பார்த்திருப்பாள்; தாயைப் பார்த்தது ஒன்றில்கூட இருக்காது. விசாவுக்காகப் பிறந்த ஒழுங்கு, விசா தேவைப்படாத கல்யாணங்களிலும் தொடர்கிறது. இப்போதைய இளம் படப்பிடிப்பாளர்கள் இதை உடைக்கத் தொடங்கியிருப்பது நல்லதுதான். அறுகரிசி வரிசையை ஒருவர் எடுக்க, கூட்டத்துக்குள் இன்னொருவர் நடமாடினால் இரண்டும் கிடைக்கும்.

என் தீர்ப்பு இதுதான்: முதலில் கணக்கு, பிறகு கலை. கட்கியிலும் ராஸ்தா பேட்டிலும் உள்ள புணேத் தமிழ்க் குடும்பங்கள் இந்தக் குளிர்காலத்தில் கல்யாணம் வைத்திருந்தால், தவறாமல் வர வேண்டிய முகங்களின் பட்டியல் ஒன்றை எழுதி, அவர்களை அடையாளம் காட்டத் தெரிந்த ஒரு பிள்ளையைப் படம் எடுப்பவரோடு விடுங்கள். மீதியை அவர் கண்ணுக்கு விட்டுவிடுங்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. எதைப் பொதுவில் போடலாம் என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றை யாழ்ப்பாணத்திடமிருந்து கற்க வேண்டும். போரில், 1995 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறிய குடும்பங்கள் பலவற்றின் அல்பங்கள் வீட்டோடு போயின. பிறகு கிடைத்தவை, வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பி வைத்திருந்த பிரதிகள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்பாமல் முக்கியமான படங்களைக் காகிதத்தில் அச்சிடுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.